14 சட்டைகள்: எட்வின் ஜாக்சனை எல்லோரும் வாங்கியதும் யாரும் வைத்துக்கொள்ளாததும்

2011 ஜூலை 27 விடிந்தபோது எட்வின் ஜாக்சன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அன்று சில மணி நேரம் அவர் டொரான்டோ புளூ ஜேஸ் அணிக்குச் சொந்தம். நாள் முடிவதற்குள் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்காரர். டொரான்டோ சட்டையை அவர் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 28 அன்று, கார்டினல்ஸ் வேர்ல்டு சீரிஸை, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை, வென்றது.

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அதிகமான அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனை ஜாக்சனுடையது (2025-ல் இன்னொருவர் அதைச் சமன் செய்தார்). 2003 முதல் 2019 வரை 17 சீசன்கள், 14 அணிகள். 107 வெற்றி, 133 தோல்வி, 1,508 ஸ்ட்ரைக்அவுட் (அடிக்க விடாமல் பந்து வீசியே அவுட்டாக்குவது), இ.ஆர்.ஏ 4.78. பேஸ்பால் பழக்கம் இல்லாதவர்களுக்கு: இ.ஆர்.ஏ என்பது ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு (ஃபீல்டர் பிழையால் போன ரன்கள் இதில் சேராது). 3-ஐ ஒட்டி இருந்தால் பிரமாதம், 4 என்றால் பரவாயில்லை, 5-ஐத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து. ஜாக்சனின் ஆயுள் கணக்கு அந்த ஆபத்துக் கோட்டுக்குக் கொஞ்சம்தான் இந்தப் பக்கம்.

இப்படி ஒருவரைப் பற்றிப் படித்ததும், எங்கேயும் நிலைக்காத ஆள், ஒவ்வொரு அணியும் கழற்றிவிட்ட ஆள் என்றுதான் தோன்றும். அவர் இடம் மாறிய ஒவ்வொரு முறையையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. 14 என்ற எண்ணுக்குள் இரண்டு வாழ்க்கைகள் இருக்கின்றன. முதல் பாதியில் அவரைப் பெற ஒவ்வொரு அணியும் எதையாவது கொடுத்தது. இரண்டாம் பாதியில், கடைசி ஆண்டில் ஒருமுறை கைமாறிய பணத்தைத் தவிர, யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவரே கதவைத் தட்டி உள்ளே போனார். இரண்டுக்கும் நடுவில் 52 மில்லியன் டாலர் ஒப்பந்தம் ஒன்று நிற்கிறது.

அவசரப்பட்ட தொடக்கம்

அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் ஜாக்சன் பிறந்தது அன்றைய மேற்கு ஜெர்மனியின் நோய்-உல்ம் நகரில், 1983 செப்டம்பர் 9 அன்று. வளர்ந்து பள்ளியில் ஆடியது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில். 2001-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை டிராஃப்டின் (அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 6-வது சுற்றில் எடுத்தது. இரண்டே ஆண்டில், சரியாகத் தன் 20-வது பிறந்த நாளன்று, அரிசோனாவில் முதல் மேஜர் லீக் ஆட்டம். எதிரில் பந்து வீசியவர் ராண்டி ஜான்சன், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஐந்து முறை வாங்கியிருந்தவர். ஜாக்சன் 6 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்து ஜெயித்தார்.

அந்த ஒரு ஆட்டம் அவருக்கு நல்லது செய்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். மணிக்கு 95 மைலைத் தாண்டும் பந்து, கட்டுமஸ்தான உடம்பு, 20 வயது. நாட்டின் சிறந்த இளம் வீரர்கள் பட்டியலில் முன்வரிசைக்குப் போய்விட்டார். ஆனால் பந்தை நினைத்த இடத்தில் போடும் பழக்கம் இன்னும் வரவில்லை. 2004-ல் இ.ஆர்.ஏ 7.30, 2005-ல் 6.28. மேலேயும் கீழேயும், மேஜர் லீக்குக்கும் மைனர் லீக்குக்கும் நடுவில் அலைந்தார்.

2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் பொறுமை இழந்தது. ஜாக்சனையும் சக் டிஃபனி என்ற இளம் பிட்சரையும் டாம்பா பேக்குக் கொடுத்து, டானிஸ் பயஸ், லான்ஸ் கார்ட்டர் என்ற இரண்டு ரிலீவர்களை (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்கள்) வாங்கியது. உடனே ஜெயிக்க வேண்டிய அணி, தயாராக இருக்கும் ஆளை வாங்குகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி, என்றாவது தயாராகப்போகும் ஆளை எடுத்துக்கொள்கிறது. டாட்ஜர்ஸ் வாங்கிய பயஸ் அந்த சீசனின் ஜூலையிலேயே அட்லாண்டாவுக்குக் கைமாறிவிட்டார்.

டாம்பாவில் அவருக்குக் கிடைத்த பெரிய உதவி ஒரு விதி. 40 பேர் பட்டியலில் இருக்கும் வீரரை ஓர் அணி மூன்று சீசன்களில்தான் தன் விருப்பத்துக்கு மைனர் லீக்குக்கு அனுப்ப முடியும். அதற்குப் பிறகு அனுப்ப நினைத்தால் மற்ற அணிகள் எல்லாம் பார்க்கும்படி அவரை வெளியில் வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். 2007-ல் ஜாக்சனுக்கு அந்த மூன்றும் தீர்ந்திருந்தது. டாம்பாவுக்கு இரண்டே வழி: வைத்துக்கொண்டு அடி வாங்க விடுவது, அல்லது இழப்பது. வைத்துக்கொண்டார்கள். 31 ஆட்டங்களை ஸ்டார்ட்டராக, அதாவது முதல் பிட்சராக இறங்கித் தொடங்கினார். 5 வெற்றி, 15 தோல்வி, இ.ஆர்.ஏ 5.76. அணியும் 66-96 (வெற்றி-தோல்வி) என்று முடித்தது. ஜெயிக்க வேண்டிய நெருக்கடி உள்ள அணியில் இருந்திருந்தால் ஜூன் மாதத்திலேயே அவர் காணாமல் போயிருப்பார் என்பது என் கணிப்பு.

அடுத்த ஆண்டு அதே டாம்பா 97 ஆட்டங்களை ஜெயித்து வேர்ல்டு சீரிஸ் வரை போனது. ஜாக்சன் 14-11, இ.ஆர்.ஏ 4.42. இந்த இரண்டு ஆண்டுகள்தான் அவரை பிட்சராக்கின. 2007-ல் தொடங்கி 2013 வரை ஒரு சீசன்கூடத் தவறாமல் 31 ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடங்கினார். ஏழு ஆண்டில் 1,300 இன்னிங்ஸுக்கு மேல். தோளும் முழங்கையும் ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் தொழிலில் இது லேசான விஷயம் இல்லை. அவரை வாங்கிய ஒவ்வோர் அணியும் முதலில் வாங்கியது இதைத்தான்: ஐந்து நாளைக்கு ஒருமுறை வந்து நிற்கும் ஆள்.

விலை ஏறும்போது விற்பது

இங்கே கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் திறந்தாக வேண்டும். மேஜர் லீக் வீரர் முதல் மூன்று ஆண்டு கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடுவார். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகலாம். அதனால் சம்பளம் ஆண்டுக்காண்டு தாவும். ஆறு ஆண்டு முடிந்தால் சுதந்திரம், எந்த அணியோடும் பேசலாம். அதுவரை அவருடைய ஒப்பந்தம் அணியின் சொத்து, அவரைக் கேட்காமலே இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம். ஐபிஎல்லில் ஆஸ்திரேலியாவின் ஆரோன் ஃபிஞ்ச் 9 அணிகளுக்குப் போனது தானே ஆட விரும்பி வந்து. ஜாக்சனின் முதல் ஆறு மாற்றங்களில் அவருடைய சம்மதத்துக்கு இடமே இல்லை.

ஆக, ஒரு பிட்சர் அணிக்கு அதிக லாபம் தருவது நன்றாக ஆடும்போது இல்லை. நன்றாக ஆடிக்கொண்டு சம்பளம் இன்னும் ஏறாமல் இருக்கும்போது. ஜாக்சன் நன்றாக ஆடத் தொடங்கிய நேரமும் சம்பளம் ஏறத் தொடங்கிய நேரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. சின்ன வயதில் மேலே கொண்டுவந்ததன் விலை இது. முதல் மலிவான ஆண்டுகளைக் கற்றுக்கொள்வதிலேயே செலவழித்துவிட்டார்.

2008 டிசம்பரில் டாம்பா அவரை டெட்ராய்ட் டைகர்ஸுக்கு அனுப்பி மாட் ஜாய்ஸ் என்ற இளம் அவுட்ஃபீல்டரை வாங்கியது. டேவிட் பிரைஸ் என்ற இளம் இடக்கைக்காரர் தயாராகி நின்றார், மலிவாக. ஜாய்ஸ் 2011-ல் ஆல்-ஸ்டார் ஆனார், அதாவது அந்த சீசனின் நட்சத்திர வீரர்கள் அணிக்குத் தேர்வானார். டாம்பாவின் பார்வையில் குறை சொல்ல முடியாத வியாபாரம்.

டெட்ராய்ட்டுக்கும் நஷ்டமில்லை. 2009-ன் முதல் பாதியில் ஜாக்சனின் இ.ஆர்.ஏ 2.52, ஆல்-ஸ்டார் அணியில் இடம். இரண்டாம் பாதியில் 5.07. இந்தப் பிளவை டெட்ராய்ட் நிர்வாகம் கவனித்திருக்காது என்று நம்ப முடியாது. மொத்தமாக 13-9, 3.62, 214 இன்னிங்ஸ். அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த சீசன். அதே டிசம்பரில் விற்றுவிட்டார்கள்.

மூன்று அணிகள் சேர்ந்த அந்த டிரேடு (வீரர் பரிமாற்றம்) இன்றும் பேசப்படுவது. கர்டிஸ் கிராண்டர்சன் நியூயார்க் யாங்கீஸுக்கு. ஜாக்சனும் இயன் கென்னடியும் அரிசோனாவுக்கு. டெட்ராய்ட்டுக்கு ஆஸ்டின் ஜாக்சன், பில் கோக், டேனியல் ஷ்லெரத், இவர்களோடு மேக்ஸ் ஷெர்சர். ஷெர்சர் பின்னாளில் மூன்று சை யங் விருது வாங்கினார். சுருக்கமாகச் சொன்னால், டெட்ராய்ட் ஓர் ஆல்-ஸ்டார் பிட்சரை உச்ச விலையில் கொடுத்து, தலைமுறைக்கு ஒருவராக வரும் பிட்சரை எடுத்துக்கொண்டது. ரசிகர்கள் இதை அரிசோனாவின் முட்டாள்தனம் என்பார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை, காரணம் பின்னால் வருகிறது.

149 பந்துகள்

2010 பிப்ரவரியில் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 13.35 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஆட்டம் சுமாராகத்தான் போனது. அப்புறம் ஜூன் 25 வந்தது.

டாம்பாவின் டிராபிகானா அரங்கில், தன்னை விற்ற டாம்பா அணிக்கு எதிராக ஜாக்சன் நோ-ஹிட்டர் வீசினார். எதிரணிக்கு முழு ஆட்டத்திலும் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) இல்லை. கேட்கும்போது ஏதோ மாசுமருவற்ற ஆட்டம் போலத் தோன்றும். உண்மையில் முதல் மூன்று இன்னிங்ஸிலேயே 7 பேரை வாக்கில் (நான்கு தவறான பந்துகளுக்கு இலவசமாக முதல் பேஸ்) விட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் யாரும் அவுட்டாகாமல் மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள். அங்கே ஒரு ஹிட் விழுந்திருந்தால் நோ-ஹிட்டரும் போயிருக்கும், வெற்றியும் போயிருக்கும், ஏனென்றால் அரிசோனாவிடம் இருந்தது இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன் தந்த ஒரே ரன். ஜாக்சன் ரன் விடாமல் தப்பினார்.

ஒரு ஸ்டார்ட்டர் 100 பந்தை நெருங்கினாலே மேனேஜர்கள் நெளியத் தொடங்கும் காலம் அது. அரிசோனா மேனேஜர் ஏ. ஜே. ஹிஞ்ச் அவரை எடுக்கவில்லை. பந்துக் கணக்கு 120-ஐத் தாண்டியது, 140-ஐத் தாண்டியது. 149-வது பந்தில் ஜேசன் பார்ட்லெட் ஷார்ட்ஸ்டாப் பக்கம் தட்ட, ஆட்டம் முடிந்தது. 1-0. மொத்தம் 8 வாக், 6 ஸ்ட்ரைக்அவுட்.

ஜாக்சன் எப்படிப்பட்ட பிட்சர் என்று ஒருவர் கேட்டால் ஆல்-ஸ்டார் ஆண்டைக் காட்ட மாட்டேன், இந்த ஆட்டத்தைக் காட்டுவேன். பந்து எங்கே போகும் என்று அவருக்கே நிச்சயமில்லாத மூன்று இன்னிங்ஸ், அதற்குப் பிறகு யாராலும் தொட முடியாத ஆறு இன்னிங்ஸ், கையைக் காப்பாற்ற நினைக்காத மேனேஜர், கேட்ட வரைக்கும் கொடுத்த தோள்.

ஒரு வாரத்துக்குள் ஹிஞ்ச் வேலையை இழந்தார், ஜெனரல் மேனேஜர் ஜோஷ் பர்ன்ஸும் கூடவே. ஜூலை 30 அன்று, நோ-ஹிட்டர் வீசி ஐந்து வாரத்தில், ஜாக்சன் ஒயிட் சாக்ஸுக்குப் போனார். பதிலுக்கு வந்தவர்கள் டேனியல் ஹட்சன், டேவிட் ஹோம்பெர்க்.

இப்போது அரிசோனாவின் கணக்கைப் பார்க்கலாம். ஜாக்சனை வாங்கியபோது கூடவே வந்தவர் கென்னடி. ஜாக்சனைக் கொடுத்தபோது வந்தவர் ஹட்சன். 2011-ல் கென்னடி 21-4, ஹட்சன் 16-12 என்று வீச, அரிசோனா தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஷெர்சரை இழந்தது பெரிய இழப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஜாக்சன் அங்கே நான்கு மாதம் தங்கிப் போனதில் அந்த அணிக்கு ஒரு பட்டம் வந்தது. அவர் இல்லாத ஆண்டில் வந்தது என்பதுதான் வேடிக்கை. அந்த ஹட்சன் 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸுக்காக வேர்ல்டு சீரிஸின் கடைசி அவுட்டை எடுத்தவர்.

சிகாகோவில் பயிற்சியாளர் டான் கூப்பரிடம் வந்ததும் ஜாக்சன் வேறு ஆளானார்: மீதி சீசனில் 75 இன்னிங்ஸில் 77 ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ 3.24. இது அவருடைய வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நடந்தது. புதிய இடம், புதிய கண், சின்னத் திருத்தம், உடனே பலன். ஒவ்வொரு புதிய அணியும், முந்தைய அணிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவரை எடுத்தது. பல முறை அது உண்மையாகவும் இருந்தது.

ஒரே நாளில் இரண்டு அணிகள்

2011 ஜூலையில் நடந்தது என்ன? டொரான்டோவுக்கு கார்டினல்ஸின் இளம் சென்டர் ஃபீல்டர் கோல்பி ராஸ்மஸ் வேண்டும். கார்டினல்ஸுக்கு பிட்சர்கள் வேண்டும். அவர்களுடைய முதல் பிட்சர் ஆடம் வெயின்ரைட் முழங்கை அறுவையால் அந்த சீசன் முழுக்க இல்லை. கொடுக்கத் தகுந்த ஸ்டார்ட்டரை டொரான்டோ வெளியில் தேடியது. ஜாக்சனின் ஒப்பந்தம் சில மாதங்களில் முடியப்போகிறது, ஒயிட் சாக்ஸ் அவரை விடத் தயார், ஆனால் மார்க் டீஹென் என்பவரின் சம்பளச் சுமையையும் சேர்த்து இறக்கிவைக்கப் பார்த்தது. சரி என்று டொரான்டோ இருவரையும் வாங்கிக்கொண்டு ஜேசன் ஃப்ரேசரையும் ஸாக் ஸ்டூவர்ட்டையும் கொடுத்தது. உடனே ஜாக்சனையும் ஆக்டேவியோ டோடெல், மார்க் ரெப்சின்ஸ்கி, கோரி பாட்டர்சன் ஆகியோரையும் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பி ராஸ்மஸை எடுத்துக்கொண்டது. ஜாக்சன் அன்று டொரான்டோவுக்குச் சில்லறை மாற்றிக்கொடுத்த நோட்டு.

இந்தப் பட்டியலில் டோடெல் என்ற பெயரைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டில் ஆடி, 13 அணிகள் என்ற சாதனையை வைத்தவர் அவர்தான். அதை உடைக்கப்போகிறவர் அதே டிரேடில் அவரோடு வந்து சேர்ந்தார். அன்று இருவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

செயின்ட் லூயிஸில் ஜாக்சன் 5-2, 3.58. ஆகஸ்ட் கடைசியில் வைல்டு கார்டு இடத்துக்கு (பிரிவில் முதலிடம் பெறாத அணிக்கான பிளேஆஃப் வாய்ப்பு) 10 ஆட்டத்துக்கு மேல் பின்தங்கியிருந்த கார்டினல்ஸ், சீசனின் கடைசி நாளில் உள்ளே நுழைந்தது. வேர்ல்டு சீரிஸின் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜாக்சன். 7 வாக். அவர் விட்டுப்போன இரண்டு ஓட்டக்காரர்களையும் சேர்த்து மைக் நபோலி ஹோம் ரன் அடிக்க, டெக்சாஸ் 4-0 என்று ஜெயித்தது. தொடரை கார்டினல்ஸ் ஏழாவது ஆட்டத்தில் எடுத்தது. ஜாக்சனுக்கு சாம்பியன் மோதிரம், 28 வயது, கையில் சுதந்திரம்.

52 மில்லியன்

பல ஆண்டு ஒப்பந்தம் வரும் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் 2012 பிப்ரவரியில் வாஷிங்டன் நேஷனல்ஸோடு ஒரே ஆண்டு. அங்கே 10-11, 4.03, 168 ஸ்ட்ரைக்அவுட். அணி 98 ஆட்டம் ஜெயித்தது. அணியின் நட்சத்திரம் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கின் கையைக் காப்பதற்காக செப்டம்பரில் அவரை நிறுத்திவைத்தார்கள். அதனால் பிளேஆஃபின் மூன்றாவது ஆட்டம் ஜாக்சன் கைக்கு வந்தது. எதிரணி யார்? முந்தைய ஆண்டு மோதிரம் கொடுத்த கார்டினல்ஸ். தோற்றார், வாஷிங்டனும் தொடரை இழந்தது. ஒரு பிட்சரின் கையைப் பத்திரப்படுத்த இன்னொரு பிட்சரின் கை முன்னால் வந்த கதை இது. இரண்டு ஆண்டு முன்பு 149 பந்து வீசிய அதே கை.

2013 தொடங்கும் முன் சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுக்கு 52 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. அவர்கள் முதலில் துரத்தியது அனிபல் சான்செஸை. அவர் டெட்ராய்ட்டிலேயே தங்கிவிட்டார். ஜாக்சன் அடுத்த தேர்வு. என்றாலும், தியோ எப்ஸ்டைன் நடத்திய அந்த நிர்வாகத்தின் கணக்கில் தர்க்கம் இருந்தது: 29 வயது, ஆண்டுதோறும் 31 ஆட்டம், காயம் இல்லை.

2013-ல் 8-18, 4.98. தேசிய லீகிலேயே அதிகத் தோல்வி. அணி 66-96. டாம்பாவில் 5-15 போன 2007-லும் அணியின் கணக்கு இதே 66-96-தான். 2014-ல் 6-15, 6.33. 2015-ல் புல்பென்னுக்கு, அதாவது ரிலீவர்கள் வரிசைக்குத் தள்ளப்பட்டார். ஜூலையில் விடுவித்துவிட்டார்கள், ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி இருக்க.

என்ன தவறியது? 2013 எண்களைப் பிரித்துப் பார்த்தால் 135 ஸ்ட்ரைக்அவுட், 59 வாக். முந்தைய ஆண்டுகளைவிட மோசமென்று சொல்ல முடியாது. பலவீனமான அணியில் ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும் கைகொடுக்காத ஆண்டு அது என்று வாதாடலாம். 2014-க்கு அந்த வாதம் செல்லாது. 1,300 இன்னிங்ஸ் தன் கூலியைக் கேட்கத் தொடங்கியிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுவரை சறுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அவரை யாராவது இடம் மாற்றினார்கள், புதிய பயிற்சியாளர் ஏதாவது சரிசெய்தார். கப்ஸில் அப்படி நடக்க வழியில்லை. ஆண்டுக்கு 13 மில்லியன் வாங்கும், 5-ஐத் தொடும் பிட்சரை எந்த அணி வாங்கும்? நிலையான இடம் கிடைத்ததும், அவரைப் பல முறை காப்பாற்றிய அந்த மாற்றம் நின்றுபோனது. இதை என்னால் நிரூபிக்க முடியாது. எண்கள் வரிசையாக விழுந்த விதம் அப்படித்தான் காட்டுகிறது.

2016-ல் கப்ஸ் 1908-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்டு சீரிஸை வென்றது. அந்த ஆண்டும் ஜாக்சனுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது கப்ஸ்தான். அவர் ஆடியது மயாமியிலும் சான் டியேகோவிலும்.

கதவைத் தட்டிய ஆண்டுகள்

கப்ஸ் விட்டபின் விதி அவருக்கு ஒருவகையில் வசதியானது. விடுவிக்கப்பட்ட வீரரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு யாரும் எடுத்துக்கொள்ளலாம், 2016-ல் அது 507,500 டாலர். மீதியைப் பழைய அணி கட்டும். புதிய அணிக்கு நஷ்டமே இல்லாத சோதனை. 2015 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ், புல்பென்னில் 2.92 என்று நன்றாகவே வீசினார். அடுத்த ஆண்டு மார்லின்ஸ், பாட்ரேஸ். 2017-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ், பிறகு மறுபடி வாஷிங்டன். அங்கே ஷெர்சர் அதே டிரெஸ்ஸிங் ரூமில், அந்த ஆண்டும் சை யங் வாங்கிக்கொண்டு. 2016, 2017 இரண்டிலும் ஜாக்சனின் இ.ஆர்.ஏ 5-க்கு மேல்.

இந்தப் பகுதியில் அவர் தங்கிய இடங்களை விவரிக்க அதிகம் இல்லை. மைனர் லீக் ஒப்பந்தம், வசந்தகாலப் பயிற்சி முகாம், மேலே யாருக்காவது காயம் வரும் வரை காத்திருப்பு. வேர்ல்டு சீரிஸ் மோதிரம் வைத்திருக்கும் 34 வயதுக்காரர், 22 வயதுப் பையன்களோடு மைனர் லீகில். வேண்டாம் என்று வீட்டுக்குப் போயிருக்கலாம், பணத்துக்குக் குறைவில்லை. அவர் போகவில்லை. இந்த ஒரு குணம் இல்லாமல் 14 என்ற எண் வந்தே இருக்காது.

2018 ஜூன் 25. நோ-ஹிட்டரின் எட்டாவது ஆண்டு நிறைவு நாள். ஓக்லாந்து அத்லெடிக்ஸுக்காக, தன் பழைய அணியான டெட்ராய்ட்டின் மைதானத்தில் முதல் ஆட்டம். டோடெலின் 13-ஐ அன்று எட்டிப் பிடித்தார். 6 இன்னிங்ஸ், 1 ரன்.

ஓக்லாந்துக்கு அவர் தேவைப்பட்ட காரணம் பரிதாபமானது. ஜாரல் காட்டன், ஏ. ஜே. பக், கெண்டல் கிரேவ்மன் என்று ஸ்டார்ட்டர்கள் வரிசையாக முழங்கை அறுவைக்குப் போனார்கள். பணம் இல்லாத அணி கிடைத்த கைகளை வைத்து ஒட்டுப்போட்டது. ஜாக்சன் நேர்ப்பந்தைக் குறைத்து கட்டரை (கடைசி நேரத்தில் லேசாக விலகும் பந்து) அதிகம் வீசினார். 17 ஆட்டம், 6-3, 3.33. அணி 97 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனது. அவருடைய பிற்கால ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கை தேய்ந்துபோன பிறகு தலையால் வீசிய சீசன்.

அது நீடிக்கவில்லை. 2019 மே மாதம் ஓக்லாந்து அவரைப் பணத்துக்கு டொரான்டோவிடம் கொடுத்தது. மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் புளூ ஜேஸ் சட்டையில் இறங்கியபோது 14-வது அணி, தனிச் சாதனை. எட்டு ஆண்டு முன்பு சில மணி நேரம் சொந்தம் கொண்டாடிவிட்டு அனுப்பிய அதே அணி. எண்கள் மட்டும் கொடுமையானவை: டொரான்டோவில் இ.ஆர்.ஏ 11.12, பிறகு மறுபடி டெட்ராய்ட்டில் 8.47. அதற்குப் பிறகு மேஜர் லீகில் அவர் வீசவில்லை.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்தார், கூடவே டாம்பா காலத்து சக வீரர் ஸ்காட் காஸ்மிரும். இறுதியில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று வெள்ளி. 2022 செப்டம்பரில், 39-வது பிறந்த நாள் முடிந்த மறுநாள், ஓய்வை அறிவித்தார்.

எண்ணை எப்படிப் படிப்பது

2025 ஜூலையில் ரிச் ஹில், 45 வயதில், கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக வீசி 14 அணிகள் என்ற சாதனையைச் சமன் செய்தார். இப்போது இருவர் பெயரும் ஒரே வரியில் இருக்கிறது. நான் அவர்களை ஒரே வரியில் வைக்க மாட்டேன். ஹில் 35 வயதில் லீகுக்கு வெளியே ஒரு சுயேச்சை அணியில் ஆடி, அங்கிருந்து திரும்பி வந்தவர். அவருடைய அணிகளில் பெரும்பாலானவை சுதந்திர வீரராக அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவை. ஜாக்சனோ 28 வயது முடிவதற்குள் ஆறு முறை கைமாற்றப்பட்டவர், அதில் ஒன்றுக்கும் அவர் கையெழுத்து தேவைப்படவில்லை.

அந்த ஆறு வியாபாரத்தில் அவரைக் கொடுத்த அணிகளில் டாம்பா, டெட்ராய்ட், அரிசோனா மூன்றும் தெளிவாக லாபம் பார்த்தன. அவரை வாங்கிய அணிகளில் டாம்பா 2008-ல் லீக் பட்டமும் செயின்ட் லூயிஸ் 2011-ல் கோப்பையும் எடுத்தன. கொடுத்தவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம் என்று இத்தனை முறை அமைந்த பிட்சர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. தோல்விக் கணக்கில் வெற்றியைவிட 26 அதிகம் வைத்திருக்கும் ஒருவரை 14 அணிகள் ஏன் எடுத்தன என்று கேட்பவர்களுக்கு, 107-133 என்ற வரியை விட்டுவிட்டு 2007 முதல் 2013 வரையான ஆட்டக் கணக்கைக் காட்டுவேன்: 31, 31, 33, 32, 31, 31, 31.